1943 தீர்ப்பு டெஸ்லாவுக்கு எதைக் கொடுத்தது?

அலைநீளம்:
நேற்று மாலையிலிருந்து மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே படம் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. இளவயது நிக்கோலா டெஸ்லாவின் முகம், அதன் கீழே, “வானொலியைக் கண்டுபிடித்தவர் மார்க்கோனி அல்லர், டெஸ்லாவே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943இல் தீர்ப்பளித்தது, அந்த நீதியைக் காண அவர் உயிரோடு இல்லை” என்ற வாசகம். அதையே கீழைக்காற்று இங்கும் பகிர்ந்து, “இனியாவது பாடநூல்களைத் திருத்துங்கள்” என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு பேசாமலிருக்க என்னால் முடியவில்லை.

அந்தத் தீர்ப்பை நான் முழுமையாகப் படித்தவன். காப்புரிமை விண்ணப்பங்களை எழுதித் தருவதே என் தொழில். தீர்ப்பின் எந்தப் பக்கத்திலும் “வானொலியைக் கண்டுபிடித்தவர் டெஸ்லா” என்ற வாக்கியம் இல்லை. வழக்கைத் தொடுத்தவரும் டெஸ்லா அல்லர். தன்னிடமிருந்த காப்புரிமைகளை அமெரிக்க அரசு பயன்படுத்திக்கொண்டது என்று இழப்பீடு கேட்டு, அமெரிக்க மார்க்கோனி நிறுவனம் 1916இல் அரசின் மீது தொடுத்த வழக்கு அது. 1943 ஜூன் 21 அன்று நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது, மார்க்கோனியின் 763,772ஆம் எண் காப்புரிமையில் உள்ள முக்கியமான உரிமைக்கோரல்களைத்தான், அதாவது எது தன் கண்டுபிடிப்பு என்று விண்ணப்பிப்பவர் எல்லை வகுக்கும் வரிகளைத்தான். அனுப்பும் பக்கம் இரண்டு மின்சுற்று, பெறும் பக்கம் இரண்டு மின்சுற்று, நான்கையும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைவித்து வைப்பது: அந்தக் காப்புரிமை இதைப் பற்றியது. மார்க்கோனி 1900 நவம்பரில் விண்ணப்பிப்பதற்கு முன்பே பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ், டெஸ்லா, ஜான் ஸ்டோன் ஸ்டோன் ஆகிய மூவரின் ஆவணங்களில் அந்த வழிமுறையின் கூறுகள் இருந்தன என்பதே காரணம். அந்த மூவரில் நீதிமன்றம் பெரிதும் சார்ந்து நின்றது ஸ்டோனின் மீது.

மார்க்கோனியின் புகழுக்கு அடிப்படையான முதல் காப்புரிமை இந்த வழக்கில் கேள்விக்குள்ளாகவில்லை என்றும் அதே தீர்ப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த வரியை மறைத்துவிட்டுத்தான் படம் பரவுகிறது.

கீழைக்காற்று:
எண்களைக் கொட்டி எங்களை மிரட்ட வேண்டாம் ஐயா. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மார்க்கோனியின் காப்புரிமை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதா, இல்லையா? சொன்னது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டெஸ்லா விண்ணப்பித்தது 1897 செப்டம்பர் 2; காப்புரிமை கிடைத்தது 1900 மார்ச் 20. மார்க்கோனி விண்ணப்பித்ததோ அதே ஆண்டு நவம்பரில். முதலில் மறுத்த அதே காப்புரிமை அலுவலகம் 1904இல் மார்க்கோனிக்கு உரிமையை வழங்கியது. 1909இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. டெஸ்லாவோ நியூயார்க்கர் விடுதியின் 3327ஆம் எண் அறையில், பக்கத்தில் ஒருவருமில்லாமல் 1943 ஜனவரி 7 அன்று இறந்துபோனார். ஐந்தரை மாதம் கழித்து வந்த தீர்ப்பை நீதி என்று நாங்கள் சொன்னால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

அலைநீளம்:
எங்கே வலிக்கிறது என்று கேட்டதால் சொல்கிறேன். ஜான் ஸ்டோன் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1943 மே 20 அன்று இறந்தார். தீர்ப்பு வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. அவர் 1900 பிப்ரவரியில், அதாவது மார்க்கோனிக்கு ஒன்பது மாதம் முன்பே விண்ணப்பித்தவர். நீதிமன்றம் பக்கம் பக்கமாக அலசியது அவருடைய விண்ணப்பத்தையும் கடிதங்களையும்தான். நீதியைக் காண உயிரோடு இல்லை என்ற வாசகம் டெஸ்லாவுக்குப் பொருந்துவதைவிட அவருக்கே அதிகம் பொருந்தும். அவருடைய முகத்தைப் போட்டு எந்தப் படமாவது இதுவரை உங்களுக்கு வந்ததா? ஒருவருக்கு நியாயம் கேட்கிறோம் என்ற பெயரில், உண்மையில் முன்னே நின்ற இன்னொருவரைப் புதைத்துவிடுகிறீர்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

நான் கேட்டதற்கும் பதில் வரவில்லை. “வானொலியைக் கண்டுபிடித்தவர் டெஸ்லா” என்ற வாக்கியத்தைத் தீர்ப்பில் காட்டுங்கள்.

தறிக்காரன்:
தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதியின் பெயரும் ஸ்டோன்தான் என்பதை அலைநீளம் ஏன் சொல்லவில்லை? தீர்ப்பெழுதியவர் ஸ்டோன், தீர்ப்பில் உயர்த்தப்பட்டவரும் ஸ்டோன். இது தற்செயல் என்று நம்பச் சொல்கிறீர்களா?

அலைநீளம்:
தலைமை நீதிபதி ஹார்லன் ஃபிஸ்க் ஸ்டோன் வேறு, பொறியாளர் ஜான் ஸ்டோன் ஸ்டோன் வேறு. நம் ஊரில் இரண்டு முருகேசன்கள் இருந்தால் இருவரும் பங்காளிகள் என்று முடிவுகட்டிவிடுவீர்களா? மேலும், அந்தத் தீர்ப்பை எல்லா நீதிபதிகளும் ஏற்கவும் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட்டரும் ரட்லெட்ஜும் மாறுபட்ட கருத்தை எழுதினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு எல்லாமே எளிதாகத்தான் தெரியும், மார்க்கோனி செய்ததைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பது அவர்களுடைய வாதத்தின் போக்கு. ஒரே தீர்ப்புக்குள்ளேயே இவ்வளவு கருத்துவேறுபாடு இருக்கும்போது, அதை ஒற்றை வரியில் அடைப்பது நேர்மையாகாது.

செம்பருத்தி:
நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். சென்ற மாதம் வினாடி வினாவில் ஒரு மாணவி, “மாற்று மின்சாரம் ஆபத்தானது என்று காட்டுவதற்காக எடிசன் ஒரு யானையைக் கொன்றார்” என்று மேடையில் சொன்னாள், அரங்கமே கைதட்டியது. அதுவும் டெஸ்லாவின் கதைகளில் ஒன்றுதானே? மறுநாள் வகுப்பில் அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அலைநீளம்:
சகோதரி, அந்த யானையின் பெயர் டாப்ஸி. நியூயார்க்கின் கோனி தீவில், கட்டி முடிக்கப்படாமலிருந்த லூனா பூங்காவில் 1903 ஜனவரி 4 அன்று அதைக் கொன்றார்கள். மின்சாரம் பாய்ச்சியதும் உண்மை, எடிசனின் பெயரைத் தாங்கிய திரைப்பட நிறுவனம் அதைப் படம்பிடித்ததும் உண்மை. ஆனால் எடிசனின் நேர்மின்சாரமா, டெஸ்லாவின் மாற்று மின்சாரமா என்ற போட்டி அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. 1892இல் எடிசனின் மின் நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனபோதே அவருடைய பிடி தளர்ந்துவிட்டது. அந்த நிறுவனமே பிறகு மாற்று மின்சாரக் கருவிகளை விற்றது. முடிந்துபோன போட்டியில் வெல்வதற்காக எவரும் யானையைக் கொல்வதில்லை. ஆண்டுகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள், அந்த மாணவி தானே கண்டுகொள்வாள்.

கீழைக்காற்று:
பாதியை மட்டும் சொல்லி எடிசனைக் காப்பாற்ற வேண்டாம். 1888 கோடையில் ஹெரால்ட் பிரவுன் என்பவர் எடிசனின் ஆய்வகத்திலேயே நாய்களுக்கு மாற்று மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார். 1890 ஆகஸ்ட் 6 அன்று வில்லியம் கெம்லர் என்ற கைதியை மின்நாற்காலியில் அமர்த்தியபோது அதில் பாய்ந்ததும் மாற்று மின்சாரமே. அதையும் அந்த மாணவியிடம் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வேலையை முடித்தால் 50,000 டாலர் தருவதாகச் சொல்லி, தன் நிறுவனத்தில் வேலைபார்த்த டெஸ்லாவை எடிசன் ஏமாற்றியதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அலைநீளம்:
நாய்கள் விஷயம் உண்மை. நான் அதை மறுக்கவே இல்லை. என்னிடம் கேட்டது யானையைப் பற்றி.

50,000 டாலர் கதைக்கு வருகிறேன். டெஸ்லா 1919இல் தன் வாழ்க்கையைத் தொடராக எழுதினார். அதில் மேலாளர் ஒருவர் அந்தத் தொகையை வாக்களித்தார் என்றும், பிறகு அது வெறும் விளையாட்டுப் பேச்சாகிப்போனது என்றும் சொல்கிறார். மேலாளர் என்றுதான் எழுதினார், எடிசன் என்று எழுதவில்லை. டெஸ்லாவின் மறைவுக்குப் பிறகு வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலில்தான் அந்த மேலாளர் எடிசனாகவே மாறி, “உனக்கு எங்கள் அமெரிக்க நகைச்சுவை புரியவில்லை” என்று பேசவும் தொடங்கிவிட்டார். பாதிக்கப்பட்டவர் தானே எழுதிய சொல்லை விட்டுவிட்டு, பின்னால் வந்தவர் ஒட்டிய வசனத்தை நம்புவது டெஸ்லாவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இந்தப் பழக்கம் உங்களிடம் புதிதும் அல்ல, தம்பி. சென்ற ஆண்டு, டெஸ்லாவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆய்வகத்தில் எடுத்த புகைப்படத்துக்காக இரண்டு நாட்கள் என்னோடு சண்டையிட்டது நினைவிருக்கிறதா?

கீழைக்காற்று:
என்னைத் தம்பி என்று அழைக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என் அப்பா தெருமுனையில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மூடியைக் கழற்றிய பெட்டிக்குள் வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வதைப் பார்த்தபடியே வளர்ந்தவன் நான். அந்தக் கடையின் சுவரில் டெஸ்லாவின் படம்தான் மாட்டியிருந்தது.

புகைப்படத்தில் என்ன பொய் இருக்கிறது? மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார், தலைக்கு மேலே பல மீட்டர் நீளத்துக்கு மின்பொறி பாய்கிறது. 1899இல் அதைச் செய்துகாட்டியவர் வேறு யார்?

அலைநீளம்:
மின்பொறி பொய் என்று அன்றும் நான் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. அவர் அதற்குக் கீழே அமர்ந்திருக்கவில்லை என்றுதான் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பொறிகளெல்லாம் பாய்ந்து முடிந்தபின், இருட்டில் பதிந்த அதே தகட்டின் மேல் அவரைத் தனியாக உட்கார வைத்து இரண்டாம் முறை ஒளியைப் பதித்திருக்கிறார்கள். இதை அம்பலப்படுத்தியது எதிரிகள் அல்லர்; தம் ஆய்வுக் குறிப்புகளில் டெஸ்லாவே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பொறிகளின் நடுவே ஒரு மனிதன் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா? அவர் ஒளித்துவைக்காத ஒன்றை அவருடைய அன்பர்கள் ஏன் ஒளிக்க வேண்டும்?

வயதை அறியாமல் தம்பி என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வாக்கியத்தைக் காட்டுங்கள் என்று கேட்டதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

தறிக்காரன்:
நீங்கள் இருவரும் வெள்ளைக்காரர்களுக்காக அடித்துக்கொள்ளும்போது ஜகதீஷ் சந்திர போசை ஒருவரும் நினைக்கவில்லை. 1890களின் நடுப்பகுதியிலேயே அவர் கல்கத்தாவில் கம்பியில்லாமல் அலைகளை அனுப்பி, சுவர்களுக்கு அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். நம் நாட்டவர் என்பதால் அவருக்கு எந்த நீதிமன்றமும் இல்லை, எந்தப் படமும் இல்லை. கீழைக்காற்று பாடநூலைத் திருத்தச் சொல்கிறார் என்றால் போசின் பெயரை எழுதச் சொல்லட்டும்.

கீழைக்காற்று:
போசின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. அதற்காக டெஸ்லாவைக் கீழே இறக்க வேண்டுமா? 1898இல் மேடிசன் சதுக்க அரங்கில், தொட்டித் தண்ணீரில் மிதந்த சிறு படகைக் கம்பியில்லாமல் இயக்கிக் காட்டினார். பார்த்தவர்களில் சிலர் உள்ளே குரங்கு இருக்கிறது என்றே நினைத்தார்கள் என்பார்கள்.

அலைநீளம்:
படகு உண்மை, 1898 நவம்பர் 8 அன்று 613,809 என்ற எண்ணில் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. குரங்குக் கதையை யார் எப்போது சொன்னார்கள் என்று கேட்டால் “என்பார்கள்” என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் உங்களிடம் இருக்காது. இவ்வளவு பெரிய சாதனைக்கு அந்தக் குரங்கு எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

தறிக்காரன் அவர்களே, போசைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அவர் 1899இல் விவரித்ததைப் போன்ற பாதரச உணர்கருவியே (வானொலி அலைகளை உணரும் கருவி) அட்லாண்டிக் கடலைக் கடந்து சைகை அனுப்பிய மார்க்கோனியின் 1901 சோதனையில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் 1943 வழக்கில் போசுக்கு இடமில்லை. நாம் பேசிக்கொண்டிருப்பது அந்த வழக்கைப் பற்றி.

தறிக்காரன்:
இடமில்லை என்று நீங்கள் ஒரே வரியில் முடித்ததைத்தான் ஆங்கிலேயர்களும் செய்தார்கள். இனி உங்களோடு பேசுவதற்கு எனக்கு ஒன்றுமில்லை.

செம்பருத்தி:
நாளை எட்டாம் வகுப்புக்கு வினாத்தாள் எடுக்க வேண்டும். “வானொலியைக் கண்டுபிடித்தவர் யார்?” என்ற வினாவுக்கு விடைக்குறிப்பில் என்ன எழுதுவது என்று யாராவது ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

கீழைக்காற்று:
டெஸ்லா.

அலைநீளம்:
அந்த வினாவை எடுத்துவிட்டு, “டெஸ்லா எதைச் செய்தார்?” என்று கேளுங்கள். பல தறுவாய் மாற்று மின்சாரத்தால் சுழலும் தூண்டல் மோட்டார், 1888 மே 1 அன்று அதற்குக் கிடைத்த காப்புரிமைகள், அந்தப் படகு. இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸ் அதே தத்துவத்தைத் தனியாகக் கண்டு அதே 1888 மார்ச்சில் வெளியிட்டார் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். டெஸ்லாவுக்கு இல்லாத பட்டம் ஒன்றும் தேவைப்படாது.

கீழைக்காற்று:
இப்போது மோட்டாரிலும் பங்கு கேட்டு ஒருவரைக் கொண்டுவந்துவிட்டார். செம்பருத்தி அவர்களே, இவர் விடையைச் சொல்லவில்லை, கேள்வியையே மாற்றிவிட்டார் என்பதைக் கவனியுங்கள். நான் முதலில் கேட்டது இன்னும் அங்கேயே நிற்கிறது. மார்க்கோனியின் காப்புரிமை செல்லாது என்று அந்த நீதிமன்றம் சொன்னதா, இல்லையா?

அலைநீளம்:
நான்கு சுற்றுகளை இசைவிக்கும் அந்த ஒரு காப்புரிமையின் உரிமைக்கோரல்கள் செல்லாது என்று சொன்னது. அதிலும் பதினாறாம் கோரலை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. வாக்கியத்தைக் காட்டுங்கள்.

கீழைக்காற்று:
சொன்னது என்று இரண்டாம் முறையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். படத்தை இன்றிரவு மறுபடியும் பகிரப் போகிறேன்.

அலைநீளம்:
பகிருங்கள். அதன் கீழே தீர்ப்பின் பக்கங்களையும் ஸ்டோன் இறந்த நாளையும் நான் இடுவேன்.