டெரியர்ஸ் (2010): நாய்ப் படம் போட்டே கொன்றுவிட்டார்களா?

பழைய ஆன்டெனா:
இந்த அமெரிக்க டிவி தொடரை மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் இந்த இழை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கலிபோர்னியா, சான் டியேகோ நகரின் ஓஷன் பீச் பகுதி. லைசென்ஸ் இல்லாத இரண்டு துப்பறிவாளர்கள். ஹாங்க், குடியால் போலீஸ் வேலையையும் மனைவியையும் தொலைத்தவன். பிரிட், திருட்டுத் தொழிலை விட்டவன். இருவருக்கும் உருப்படியான ஆபீஸ்கூடக் கிடையாது. எஃப்எக்ஸ் சேனலில் 2010 செப்டம்பரில் ஆரம்பித்து, டிசம்பர் முதல் தேதி 13-வது எபிசோடு. அடுத்த சில நாளிலேயே கதையை மூடிவிட்டார்கள்.

சேனல் செய்த விளம்பரத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஹாங்காக நடித்த டோனல் லோக் மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, பல்லைக் காட்டும் ஒரு நாயை முன்னால் நிறுத்தினார்கள். நாய் வளர்ப்பு நிகழ்ச்சியோ, நாய்ச் சண்டையோ என்று ஜனங்கள் தாண்டிப் போயிருப்பார்கள். இதில் வேடிக்கை, தொடரில் வரும் நாய் வின்ஸ்டன், டெரியர் இனம்கூட இல்லை, புல்டாக்!

கறார்க் கண்ணாடி:
எல்லோரும் அந்த நாயின் தலையிலேயே பழியைக் கட்டுகிறீர்கள். விளம்பரத்தைப் பார்த்து வராமல் போனவன் வேறு, வந்து பார்த்துவிட்டு எழுந்து போனவன் வேறு. முதல் வாரம் உட்கார்ந்த கூட்டத்தில் பெரும்பகுதி அடுத்தடுத்த வாரங்களில் கரைந்துவிட்டது. அதற்கும் நாய்தான் காரணமா?

சேனல் தலைவர் ஜான் லாண்ட்கிராஃப் தானே முன்வந்து பத்திரிகையாளர்களிடம் பேசி, ஏன் நிறுத்துகிறோம் என்று விளக்கினார். வேண்டாதவன் பிள்ளையாக நடத்தியிருந்தால் அவ்வளவு மெனக்கெட்டிருப்பாரா?

நிஜக் காரணம் கதையில் இருக்கிறது. ஏமாற்றுக்கார ரியல் எஸ்டேட் முதலாளி, அவனுக்குப் பின்னால் பெரிய கைகள். கலிபோர்னியாவில் நடக்கும் துப்பறியும் கதை என்றாலே நிலமும் தண்ணீரும்தான். பார்த்துப் பார்த்துச் சலித்தாயிற்று.

தேன்கூடு:
கண்ணாடி சார், அந்த நில விவகாரத்தில் கொஞ்சம் நியாயமாகப் பேசுங்கள். ஓஷன் பீச்சைப் பாழாக்கி அங்கே விமான நிலையம் கட்டுவதுதான் சதி. சான் டியேகோ விமான நிலையத்துக்கு நிஜமாகவே ஒரே ஓடுபாதைதான், நகரத்துக்கு நடுவில் இடுங்கிக் கிடக்கிறது. அந்த ஊர் உண்மையை எடுத்துக் கதைக்குள் நட்டிருக்கிறார்கள். வேறு ஊரில் வைத்தால் இந்தக் கதை நிற்காது.

ஆனால் நான் இந்தத் தொடரைப் பார்த்தது சதிக்காக இல்லை. ஹாங்க் தன் பழைய வீட்டையே திரும்ப வாங்குகிறான். மாஜி மனைவி வேறொருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள், இவன் அவள் வாழ்ந்த காலி வீட்டில் தனியாகக் குடியேறுகிறான். அந்த வீட்டில் யாரோ நடமாடுவது போலிருக்கும். நாமும் ஏதோ எதிரி புகுந்துவிட்டான் என்றுதான் நினைப்போம். கடைசியில் பார்த்தால், மனநிலை சரியில்லாத அவனுடைய தங்கை ஸ்டெஃப் பரண்மேல் ஒளிந்து வாழ்ந்துகொண்டிருக்கிறாள். ஊரார் ரகசியத்தையெல்லாம் தோண்டுகிறவனுக்குத் தன் தலைக்கு மேல் இருப்பவளைத் தெரியவில்லை. அப்புறம் வரும் காட்சிகளில் அவளோடு பேசும்போது அவன் குரல் இறங்குவதைக் கவனியுங்கள். நடித்த காரினா லோக், டோனல் லோக்கின் சொந்தத் தங்கை. அந்தப் பழக்கத்தை ஒத்திகை பார்த்து வரவைக்க முடியாது.

கடைசி பெஞ்ச்:
ஐயா, கதை வெளிப்படும் என்று தலைப்பிலேயே போட்டிருக்கக் கூடாதா? இரண்டாவது எபிசோடில் இருக்கிறேன். பரண்மேல் தங்கை இருப்பது இப்போது தெரிந்துபோயிற்று. போகட்டும். அந்த ஆரம்ப விசில் பாட்டு மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

பழைய ஆன்டெனா:
மன்னிக்கணும் பெஞ்ச், தப்பு என்னுடையது. இதற்குக் கீழே படிக்காதீர்கள்.

கூட்டம் ஏன் கரைந்தது என்று கேட்டீர்களே கண்ணாடி. தயாரிப்புப் பொறுப்பில் இருந்தவர் ஷான் ரயன். அதே சேனலில் அவருடைய முந்தைய போலீஸ் தொடர் ‘தி ஷீல்ட்’ முழுக்க ரத்தமும் துப்பாக்கியும். அதே காரத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, வண்டியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கலாய்க்கும் இரண்டு வெட்டி ஆசாமிகளைக் காட்டினால்? இது தனிச் சுவை, நாக்குக்குப் பழக நாளாகும். அந்த நாளைத்தான் கொடுக்கவில்லை என்கிறேன்.

கறார்க் கண்ணாடி:
இதை ஒப்புக்கொள்கிறேன். தங்கை விஷயத்தையும்தான், எனக்கும் பிடித்த பகுதி அது.

ஆனால் நாள் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘வெரோனிகா மார்ஸ்’ என்ற துப்பறியும் தொடர் ஞாபகம் இருக்கிறதா? 2007-ல் நிறுத்தினார்கள். ரசிகர்கள் காசு போட்டார்கள், 57 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்து 2014-ல் படமே வந்தது. 2019-ல் இன்னொரு சீசனும் வந்தது. அதன் முடிவில் நாயகியின் கணவன் லோகனைக் கொன்றார்கள். எந்த ரசிகர்கள் காசு போட்டார்களோ அவர்களில் பாதிப்பேர், வராமலே இருந்திருக்கலாம் என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். டெரியர்ஸுக்கு அந்தக் கதி வரவில்லை. 13 எபிசோடில் ஒரு சறுக்கல்கூட இல்லையென்றால் சறுக்க நேரமில்லை என்பதும் ஒரு காரணம்.

தேன்கூடு:
சிறு வயதில் செத்தவனை ஊரே நல்லவன் என்பது மாதிரிப் பேசுகிறீர்கள்! பிரிட்டைப் பாருங்கள். காதலி கேட்டி வேறொருவனோடு இருந்தாள் என்று தெரிந்ததும் ஆத்திரத்தில் சம்பந்தமே இல்லாத ஒருவனை அடித்து நொறுக்குகிறான். அவளோ கர்ப்பமாக இருக்கிறாள். அவன் சிறைக்குப் போய் வந்த பிறகு இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே வீட்டில் இருப்பார்கள்? அந்தக் கேள்விதான் இரண்டாவது சீசன். அதை எழுதத் தெரிந்தவர்கள் என்று முதல் சீசனிலேயே காட்டிவிட்டார்கள்.

கறார்க் கண்ணாடி:
கடைசிக் காட்சி அதற்கு வழி விட்டிருக்கிறதா? ஹாங்க் வண்டி ஓட்டுகிறான், பக்கத்தில் பிரிட். சிக்னலில் நிற்கிறார்கள். ஒரு வழி சிறைக்கு, இன்னொன்று மெக்சிகோவுக்கு. அங்கேயே முடிகிறது. இதற்குமேல் ஒரு காட்சி எடுத்தால் அந்தச் சிக்னல் வெறும் சிக்னலாகிவிடும்.

பழைய ஆன்டெனா:
எனக்கு அது முடிவாகவே தெரியவில்லை. பிரிட் சிறைக்குத்தான் போவான், அதில் சந்தேகமில்லை. ஓடிப்போவதாக இருந்தால் அந்த ரோட்டுக்கே வந்திருக்க மாட்டான்.

தேன்கூடு:
மெக்சிகோ என்ற பேச்சை எடுத்ததே ஹாங்க்தான் அண்ணே. ஸ்டியரிங்கும் அவன் கையில்தான்.