வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த காதுகளுக்கு ஓர் ஆர்கெஸ்ட்ரா நிகழ்ச்சி

நாட்டார் இசையிலிருந்து பிறந்த மேற்கத்திய செவ்வியல் படைப்புகளை மட்டும் வாசித்த ஓர் ஆர்கெஸ்ட்ரா நிகழ்ச்சியைத் திருவனந்தபுரத்தில் கேட்டேன். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்பால், கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாக இராது என்று நம்பியே, வில்லுப்பாட்டுக் குழுக்களில் பல ஆண்டுகள் குடம் அடித்த என் தாய்மாமாவையும் அழைத்துச் சென்றேன்.

முதலில் செக் இசையமைப்பாளர் டுவோர்ஷாக்கின் ஸ்லாவிய நடனங்களை வாசித்தார்கள். 1878இல் எழுதிய அந்த முதல் தொகுப்பில் மெட்டுகள் பெரும்பாலும் அவருடையவை, தாளக்கட்டுதான் ஊராருடையது. எட்டாவது நடனத்தில் ஆறு அடிகள் ஒரு முறை இரண்டிரண்டாகவும், உடனே மூன்று மூன்றாகவும் பிரிந்து விழுகின்றன. மாமா தொடையில் விரலால் தட்டிப் பார்த்து, "மக்கா, காலம் மாறல்ல, அடி விழுற இடம்தான் மாறுது" என்றார். அதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாயின் கலாந்தா நடனங்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் என்னை ஆட்கொண்டது இன்னொரு ஹங்கேரியரான பார்டோக்கின் ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்தான். மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவியோடு இன்றைய ருமேனியாவிலுள்ள திரான்சில்வேனியக் கிராமங்களுக்குச் சென்ற அவர், அங்குள்ளோர் வயலினிலும் குழலிலும் வாசித்தவற்றைப் பதிவுசெய்து, 1915இல் பியானோவுக்கும் 1917இல் சிறு ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதினார். மூன்றாவது நடனத்தில் பிக்கோலோ என்னும் சிறு குழல் தனித்து ஒலிக்க, தந்தி வாத்தியங்கள் நாகசுரத்துக்கு ஒத்துப் பிடிப்பதுபோல ஒரே நாதத்தில் நிற்கின்றன. அந்த மெட்டில், 'சாதாரண காந்தாரம்' என்னும் ஸ்வரத்திலிருந்து 'பிரதி மத்தியமம்' என்னும் ஸ்வரத்துக்குத் தாவும் இடைவெளி, சண்முகப்பிரியா ராகம் கேட்டவர்களுக்குப் புதிதன்று. இத்தனை வாத்தியங்கள் கையில் இருந்தும், மெட்டின் மீது எந்தச் சுமையையும் ஏற்றாத அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நம் கிராமிய மெட்டுகளைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதும்போது இது பல நேரங்களில் தவறிப்போகிறது.

எந்த ஊரில் யார் வாசித்தது என்பதையும் பார்டோக் குறித்து வைத்தார் என்று சொன்னபோது, திரும்பும் பேருந்திலேயே மாமா தாம் உடன் அமர்ந்த அண்ணாவிமாரின், அதாவது வில்லுப்பாட்டை முன்னின்று பாடும் கலைஞர்களின், பெயர்களையும், ஊருக்கு ஊர் அவர்கள் மாற்றிப் பாடிய மெட்டுகளையும் சொல்லத் தொடங்கிவிட்டார். அவற்றை இப்போது கைபேசியில் பதிந்து வருகிறேன். உங்கள் வீட்டிலும் குடமோ உடுக்கையோ அடித்த பெரியவர்கள் இருந்தால், பெயரோடும் ஊரோடும் பதிந்து வைக்குமாறு வேண்டுகிறேன்.