யார்யா அந்த 22ஆம் நம்பர்? நகாசவா பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

லாஸ்ட்மேன்_குமார்:
2010 வேர்ல்ட் கப் பழைய மேட்ச் எல்லாம் திரும்ப பாத்துட்டு இருக்கேன், ஜப்பான் டிஃபென்ஸ்ல ஒரு நெட்டையான ஆளு, பரட்டைத் தலை, 22ஆம் நம்பர் ஜெர்சி, ஏரியல் பால் எது வந்தாலும் இவர் தலைதான் முதல்ல நிக்குது. பேரு யூஜி நகாசவான்னு தேடிப் பாத்தேன், ஆனா யூரோப்ல ஒரு கிளப்ல கூட ஆடுனதில்லையாம். நிஜமாவே பெரிய ப்ளேயர்தானா, இல்ல அந்த ஒரு டோர்னமென்ட்ல மட்டும் க்ளிக் ஆனவரா?

ஆஃப்சைடு ஆறுமுகம்:
ஒரு டோர்னமென்ட் ஆளா, என்ன ப்ரோ இப்படி கேட்டுட்டீங்க. ஜப்பான் டீமுக்கு 110 கேப் (அதாவது 110 மேட்ச்), 17 கோல், அதுவும் சென்டர் பேக்கு, டிஃபென்ஸோட நடுவுல நிக்கற ஆளு. 2000, 2004 ரெண்டு ஏசியன் கப்பும் ஜெயிச்ச டீம்ல இருந்தவரு. 2004ல ஜே லீக் (ஜப்பானோட ப்ரோ லீக்) எம்விபி, அதாவது சீசனோட பெஸ்ட் ப்ளேயர், டிஃபெண்டருக்கு அந்த அவார்ட் குடுக்கறதே அபூர்வம்.

ஆனா எனக்கு பிடிச்சது இவர் வந்த கதைதான். ஸ்கூல் முடிச்சப்ப ஒரு ப்ரோ கிளப்பும் சீண்டல, உடனே கிளம்பி பிரேசில் போயிட்டாரு, அமெரிக்கா மினெய்ரோ கிளப்போட யூத் டீம்ல ஒரு வருஷம். திரும்பி வந்தும் வேலைக்கு ஆகல, பழைய ஸ்கூல் பசங்களோடயே போய் ப்ராக்டிஸ் பண்ணியிருக்காரு, யோசிச்சுப் பாருங்க, பிரேசில் போறேன்னு சொல்லிட்டுப் போன ஆளு மறுபடி அதே க்ரவுண்ட்ல வந்து நிக்கறது எப்படி இருந்திருக்கும். அப்புறம் வெர்டி கிளப் சும்மா ட்ரெய்னியா சேத்துக்கிச்சு, கான்ட்ராக்ட்டே கிடையாது. 1999ல டெப்யூ, அதே வருஷம் லீக்கோட பெஸ்ட் லெவன்ல இடம், அதே வருஷம் நேஷனல் டீம்! 2002ல யோகோஹாமா எஃப் மரினோஸ் போனாரு, கடைசி வரைக்கும் அங்கதான். 2003, 2004 ரெண்டு வருஷமும் லீக் டைட்டில்.

மிட்ஃபீல்ட்_மணி:
முடிஞ்சா 2004 ஏசியன் கப் செமி ஃபைனல் பாருங்க, பஹ்ரைன் கூட. ஜப்பான் மிட்ஃபீல்டர் எண்டோ ஃபர்ஸ்ட் ஹாஃப்லயே ரெட் கார்டு வாங்கிட்டாரு, 10 பேர், 3-2 பின்னாடி, 90ஆவது நிமிஷம், இந்த மனுஷன் சென்டர் பேக்குங்கறதையே மறந்துட்டு பாக்ஸுக்குள்ள போய் ஹெட்டர்ல போட்டாரு. எக்ஸ்ட்ரா டைம்ல தமாடா அடிச்சு 4-3. ஃபைனல்ல சைனாவ பெய்ஜிங்லயே வச்சு 3-1.

2010 பத்தி மட்டும் ஒண்ணு சொல்லணும், அந்த டிஃபென்ஸ் நல்லா நின்னதுக்கு நகாசவா மட்டும் காரணம் இல்ல. கோச் ஒகாடா டோர்னமென்ட்டுக்கு முன்னாடி மிட்ஃபீல்டர் ஆபேவை சென்டர் பேக் ரெண்டு பேருக்கும் முன்னாடி நிறுத்துனாரு, அதனால பேக்ல இருந்தவங்களுக்கு கவர் கிடைச்சுது. பக்கத்துல இன்னொரு சென்டர் பேக் துலியோ வேற. 4 மேட்ச்ல வாங்குனது 2 கோல்தான், பராகுவே கூட பெனால்டில போச்சு.

லாஸ்ட்மேன்_குமார்:
ஓ துலியோ பிரேசில்ல பொறந்தவர்தானே? செம காம்பினேஷன், ஒருத்தர் அங்கேர்ந்து இங்க வந்தாரு, இன்னொருத்தர் இங்கேர்ந்து அங்க போய் பாத்துட்டு வந்தாரு 😄

ஆஃப்சைடு ஆறுமுகம்:
ஆமா, 2004 ஜே லீக் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல ரெண்டு பேரும் எதிரெதிர் டீம். துலியோ உராவா கிளப். மரினோஸ் பெனால்டில ஜெயிச்சுது. 2006ல எம்விபி துலியோவுக்கு.

மணி சொன்னது கரெக்ட்தான், ஆனா ஒண்ண விட்டுட்டாரு. அந்த வேர்ல்ட் கப்புக்கு கொஞ்சம் முன்னாடி வரைக்கும் கேப்டன் நகாசவாதான். ஒகாடா கேப்டன் பட்டைய எடுத்து மிட்ஃபீல்டர் ஹசெபே கைல குடுத்துட்டாரு, இத்தனைக்கும் மரினோஸ்ல கோச்சா இருந்து இவரோட சேர்ந்து டைட்டில் அடிச்ச அதே ஒகாடா! வேற ஆளா இருந்தா மூஞ்சிய தூக்கி வச்சுட்டு இருந்திருப்பான். இவரு 4 மேட்ச்சும் அப்படி ஆடுனாரு, நீங்களே பாத்தீங்கல்ல.

கார்னர் கனி:
லேட்டா வரேன். யூரோப் போகலன்னா சின்ன ப்ளேயர்ங்கற கணக்கே எனக்கு புரியறதில்ல. 2013 ஜூலைலேர்ந்து 2018 ஆகஸ்ட் வரை லீக்ல தொடர்ச்சியா 178 மேட்ச், ஒரு நிமிஷம் கூட வெளிய வராம முழு 90 நிமிஷம், கோல்கீப்பர் இல்லாத ப்ளேயர்ஸ்ல அதுதான் ரெக்கார்டா இருந்துச்சு. ஆரம்பிச்சப்ப வயசு 35, நின்னப்ப 40. மொத்தம் ஜே1ல (ஜே லீக்கோட டாப் டிவிஷன்) 593 மேட்ச் ஆடிட்டு 2019 ஜனவரில ரிட்டயர்மென்ட் சொன்னாரு.

அந்த 2013 சீசன் ஒரு பக்கம் வயித்தெரிச்சல், கடைசி நாள் மரினோஸ் கவசாகி கிட்ட 1-0 தோத்து டைட்டில ஹிரோஷிமாவுக்கு தாரை வார்த்தாங்க. ஆனா 2014 ஜனவரி 1 எம்பரர்ஸ் கப் (ஜப்பானோட நாக்அவுட் கப்) ஃபைனல் அதே ஹிரோஷிமா கூட, 2-0, ரெண்டாவது கோல் யாரு அடிச்சதுன்னு கேளுங்க.

லாஸ்ட்மேன்_குமார்:
22?

கார்னர் கனி:
22தான், தலையாலயேதான்.