நடிப்பிலிருந்து ஒளிப்பதிவுக்கும் இயக்கத்துக்கும்: முதல் படத்திலேயே இரண்டையும் ஒருவரே ஏற்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாகச் சென்னையில் சுயாதீனப் படங்களிலும் குறும்படங்களிலும் நடித்து வருகிறேன். இத்தகைய படப்பிடிப்புகளில் நடிகனுக்குக் கேரவன் கிடையாது. தன் காட்சி வரும்வரை விளக்கு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டோ வெளிச்சத்தைத் திருப்பும் தெர்மோகோலைத் தூக்கிக்கொண்டோ நிற்க வேண்டியிருக்கும். அப்படி நின்று நின்றே ஒளியின்மீது ஆசை வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பழைய மிரர்லெஸ் கேமரா ஒன்றையும் ஒரு 50 மி.மீ. லென்ஸையும் வாங்கி, நண்பர்களின் மூன்று குறும்படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தேன்.

இப்போது நாற்பது நிமிடப் படம் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். சைதாப்பேட்டையில் ஒரு வாடகை வீட்டுக்குள் தாய்க்கும் மகனுக்கும் இடையே நடக்கும் கதை. படப்பிடிப்புக்கு ஐந்து நாட்கள். நான் நடிக்கவில்லை; இயக்கமும் ஒளிப்பதிவும் நானே செய்வதாக இருக்கிறேன். பணமில்லை என்பது ஒரு காரணம். என் மனத்தில் இருக்கும் ஒளியை இன்னொருவருக்கு வாயால் விளக்கத் தெரியவில்லை என்பது மற்றொன்று. பாலு மகேந்திரா செய்யவில்லையா என்று நண்பர்கள் ஊக்குவிக்கிறார்கள். ஆனால், முந்தைய குறும்படங்களில் டேக் முடிந்ததும் "நடிப்பு எப்படி?" என்று இயக்குநர் கேட்டபோதெல்லாம் என்னிடம் பதில் இருந்ததில்லை. நடிகனாகிய எனக்கே இது விந்தையாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஒளிப்பதிவாளர், வளசரவாக்கம்

பாலு மகேந்திராவை எடுத்துக்காட்டுபவர்கள் கணக்கைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள், தம்பி. அவர் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, மலையாளத்தில் பிறர் படங்களுக்குக் கேமரா பிடித்துக் கை பழகிய பிறகுதான் 1977-இல் கன்னடத்தில் 'கோகிலா'வை இயக்கினார். 'வீடு' வந்தது 1988-இல். அதற்குள் வெளிச்சத்தை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டிய நிலையை அவர் கடந்திருந்தார்; யோசனை முழுவதும் அர்ச்சனாவின் முகத்தில் இருக்க முடிந்தது.

மறுபக்கத்தையும் பாருங்கள். ராஜீவ் மேனன் தேர்ந்த ஒளிப்பதிவாளர். ஆனால் 'மின்சாரக் கனவு' (1997) படத்தில் கேமராவை வேணுவிடமும், 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படத்தில் ரவி கே. சந்திரனிடமும் ஒப்படைத்தார். ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்ற கே.வி. ஆனந்த், 'அயன்' படத்துக்கு எம்.எஸ். பிரபுவையும் 'கோ' படத்துக்கு ரிச்சர்ட் எம். நாதனையும் வைத்துக்கொண்டார். தொழில் தெரியாததனால் கொடுத்தவர்கள் அல்லர் இவர்கள்.

இருந்தாலும், நடிகர் கேமராவுக்கு வருவதில் ஒரு நன்மை உண்டு என்பதை நான் மறுக்கமாட்டேன். வெளிச்சம் தன் கன்னத்தில் எங்கே விழுகிறது என்பதைச் சூட்டை வைத்தே அறிந்தவர் நீங்கள். குறித்த இடத்தில் நிற்கச் சொன்னால் நடிகருக்கு எது இடைஞ்சல் என்பதும் தெரியும். ஆகவே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆயத்தத்தோடு எடுங்கள் என்கிறேன்.

அந்த வீட்டுக்கு இப்போதே சென்று, ஒரே சன்னலைக் காலை ஏழு மணிக்கும் நண்பகலிலும் மாலை ஐந்து மணிக்கும் படமெடுத்துப் பாருங்கள். எதிர்வீட்டுச் சுவரின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் கிளிப்பச்சை வண்ணம் பூசாத தெரு அரிது. நண்பகல் வெயில் அதில் பட்டுத் திரும்பினால் உங்கள் கதாநாயகியின் ஒரு கன்னம் பச்சையாகிவிடும். டி.ஐ.யில், அதாவது பிறகு கணினியில் நிறம் திருத்தும்போது, சரிசெய்யலாம் என்று இறங்கினால் மறுகன்னம் சிவக்கும். சன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி கட்டினால் தீர்ந்தது.

இன்னொன்று, டியூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதனால், பழைய சோக் வைத்த குழல்விளக்கு வினாடிக்கு நூறு முறை கூடிக் குறைகிறது. நீங்கள் வினாடிக்கு 24 ஃபிரேமில், 180 டிகிரி ஷட்டரில் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/48 வினாடி. இரண்டும் ஒத்துப்போகாமல் படம் துடிக்கும். சிறிய கேமரா திரையில் இது கண்ணில் படாது, எடிட்டிங் அறையில்தான் தெரியும். ஷட்டரை 172.8 டிகிரிக்கோ 1/50-க்கோ மாற்றிக்கொள்ளுங்கள். மலிவான எல்.ஈ.டி. விளக்குகளுக்கு இந்தக் கணக்கும் உதவாமல் போகலாம். அவற்றைக் கழற்றி வைத்துவிடுவதே நல்லது.

மறுமொழி 2: குறும்பட இயக்குநர், மேற்கு மாம்பலம்

நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பதிலில்லாத நிலையை நான் அனுபவித்திருக்கிறேன். என் முதல் படத்தில் இரண்டையும் நானே செய்தேன். எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, இறந்துபோன கணவரின் சட்டையை மடித்து வைக்கும் காட்சி. லென்ஸை முழுவதும் திறந்து வைத்திருந்தேன். அவர் அரை அங்குலம் அசைந்தாலும் ஃபோகஸ் போய்விடும். ஃபோகஸ் பீக்கிங்கின் (தெளிவாக இருக்கும் இடத்தைக் கேமரா திரையில் காட்டும் வசதி) சிவப்புக் கோடு அவருடைய இமைமயிரில் நிற்கிறதா என்பதையே மூன்று டேக்கிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சரியாக நின்றது. "ஓகே" என்றேன்.

எல்லோரும் கலைந்த பிறகு ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், இரண்டாவது டேக்கில் அம்மா சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தார்களே, அதை மறுபடி செய்யச் சொல்லியிருக்கலாமே." நான் அதைப் பார்க்கவே இல்லை. அந்த டேக்கில் ஃபோகஸ் பின்சுவரில் இருந்தது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தவர் பார்த்ததை, அந்த அம்மாவின் முகத்துக்கு இரண்டடி எதிரே நின்ற நான் தவறவிட்டேன்.

ஆகவே என் யோசனை இது: ஒளியமைப்பை நீங்களே தீர்மானியுங்கள், ஃபிரேமையும் நீங்களே வையுங்கள், டேக் நடக்கும்போது மட்டும் கேமராவை வேறொருவர் இயக்கட்டும். ஒளிப்பதிவு உதவியாளராக இருக்கும் இளைஞர் யாராவது, பேட்டாவும் சாப்பாடும் கொடுத்து உரிய முறையில் பெயரும் போட்டால், மகிழ்ச்சியோடு வருவார். நீங்கள் மானிட்டரைக்கூட விட்டுவிட்டு, நடிகரின் பக்கத்தில் தரையில் உட்காருங்கள்.

மறுமொழி 3: படத்தொகுப்பாளர், வடபழனி

என் மேசைக்கு வரும் படங்களில், நடிகர்கள் இயக்கியவற்றை முதல் பத்து நிமிடத்திலேயே அடையாளம் கண்டுகொள்வேன். பேசுபவரின் முகம் ஏழு டேக் இருக்கும். கேட்பவரின் முகம் ஒன்றுகூட இருக்காது. வசனம் இருக்கும் பக்கம்தான் நடிப்பு இருக்கிறது என்ற பழக்கம் விடுவதில்லை. ஒளிப்பதிவாளர்கள் இயக்கியவை வேறு வகை: மழைநீர் சொட்டும் கம்பியை நாற்பது வினாடி எடுத்துவிட்டு, அதை வெட்டினால் விரலை வெட்டியதுபோல் துடிப்பார்கள். நீங்கள் இரண்டுமாக வருகிறீர்கள் என்பதனால் சற்று அஞ்சுகிறேன். (விளையாட்டுக்குச் சொன்னேன், ஆனாலும் மகன் பேசும்போதெல்லாம் தாயை எடுத்து வையுங்கள்.)

மற்றபடி, முந்தைய இருவரும் சொன்ன அளவுக்குத் தயங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பெரிய படங்களில், திரைப்படத் தொழிலாளர் கூட்டமைப்பான பெப்சியின் சங்க உறுப்பினர்களே வேலை செய்வது வழக்கம். அங்கே ஒருவர் இரண்டு துறைகளில் நிற்பது எளிதன்று. ஐந்தாறு பேர் சேர்ந்து எடுக்கும் படத்தில் அந்தத் தடை இல்லை. அந்தச் சுதந்திரத்தை இப்போது பயன்படுத்தாமல் எப்போது பயன்படுத்துவது? பாலு மகேந்திராவின் கணக்கைச் சொன்ன பெரியவர் அதன் கடைசி வரியை விட்டுவிட்டார்: 2013-இல் வந்த 'தலைமுறைகள்' படத்தில் அவர் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றோடு நடிக்கவும் செய்தார். அந்த வயதிலும் புதிதாக ஒன்றைத் தொட அவர் கூச்சப்படவில்லை.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. சட்டைக் காலரைப் பற்றிப் படித்த பிறகு நேற்றிரவு என் மூன்று குறும்படங்களின் வெட்டாத பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். நடிகர்கள் செய்த நல்ல காரியங்கள் நான்கைந்தை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்; எல்லாம் நானே எடுத்தவை. தாயாக நடிப்பவர் நாடகத்திலிருந்து வருகிறார், ஒவ்வொரு முறையும் வேறு விதமாகச் செய்பவர். அவரிடம் இந்தத் தவறைச் செய்ய எனக்கு மனமில்லை. ஆகவே டேக்கின்போது கேமராவை இயக்க ஒருவரைத் தேடப் போகிறேன். ஒளியமைப்பை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்று காலை அந்த வீட்டுக்கும் சென்று வந்தேன். எதிர்வீடு பச்சை இல்லை, சார். ரோஸ் நிறம், அதுவும் சென்ற பொங்கலுக்கு அடித்த புது வண்ணம். தாயின் காட்சிகளில் பாதி அந்தச் சன்னலோரத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

மறுமொழி 4: ஒளிப்பதிவாளர், வளசரவாக்கம்

படத்தொகுப்பாளர் சொன்ன கடைசி வரியை ஏற்றுக்கொள்கிறேன். விட்டது என் பிழைதான். ரோஸ் நிறத்துக்கு உடனே அஞ்ச வேண்டாம் தம்பி, மாநிறத் தோலில் அது சில வேளை அழகாகவே அமையும். முடிவு செய்யும் முன் அந்த அம்மாவையே நண்பகலில் சன்னலோரம் உட்காரவைத்து, துணி கட்டி ஒரு முறையும் கட்டாமல் ஒரு முறையும் எடுத்துப் பாருங்கள். துணியைச் சன்னல் கம்பியில் கட்டாதீர்கள், காற்றில் ஆடி ஃபிரேமுக்குள் வந்துவிடும். இரண்டு மூங்கில் கழியில் கட்டி வெளியே தள்ளி நிறுத்துங்கள்.