ஒருமுனை வீட்டு இணைப்பில் மும்முனை லேத் இயந்திரத்தை ஓட்ட என்ன வழி?

கேள்வி: பெரம்பூர்க் கடைசல்

வணக்கம். பெரம்பூரில் ஒரு வாடகை வீட்டின் தரைத்தளத்தில் குடியிருக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து பழைய லேத் ஒன்றை வாங்கியிருக்கிறேன். சிறிய மாதிரி நீராவி எஞ்சின்கள் செய்து பார்ப்பதுதான் நோக்கம். கூலிக்கு வேலை எடுக்கும் எண்ணம் இல்லை. மோட்டாரின் தகட்டில் 415 வோல்ட், 2 எச்.பி., 3.4 ஆம்பியர், ஸ்டார் இணைப்பு (மூன்று சுருள்களின் ஒரு பக்க நுனிகளை ஒன்றாக முடிந்தது) என்று பொறித்திருக்கிறது. டெர்மினல் பெட்டியில் மூன்று முனைகள் மட்டுமே உள்ளன. வீட்டுக்கு வருவதோ ஒருமுனை மின்சாரம். இதற்கிடையில், 3 எச்.பி. டெல்டா (சுருள்களை முக்கோணமாக இணைத்த) மோட்டார் கொண்ட, சுழலும் வெட்டியால் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் இயந்திரம் ஒன்றும் விலைக்கு வருகிறது. திருவண்ணாமலைப் பக்கம் விவசாயம் செய்யும் என் மாமா, கிணற்று மோட்டாருக்குப் போடுவது போல ஒரு கண்டென்சர் போட்டாலே ஓடிவிடும் என்கிறார். அது சரிதானா?

பதில்: பழைய ரீவைண்டர்

மாமா சொல்வது அவருடைய வயலுக்குப் பொருந்தும், உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. கிராமங்களில் மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் இரண்டு ஃபேஸ்கள் (மின்முனைகள்) மட்டும் வந்தாலும் அவற்றுக்கிடையே ஏறத்தாழ 415 வோல்ட் இருக்கும். கண்டென்சர் அங்கே மூன்றாவது ஃபேஸை மட்டும் ஒப்பேற்றித் தருகிறது. உங்கள் வீட்டில் கிடைப்பது ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான 230 வோல்ட். கண்டென்சர் மின்னோட்டத்தின் கோணத்தை நகர்த்துமே தவிர 230ஐ 415 ஆக்கித் தராது. மோட்டாரை 230 வோல்ட்டுக்கு ஏற்றபடி டெல்டாவில் மாற்றி, கிலோவாட்டுக்கு சுமார் 70 மைக்ரோஃபாரட் வீதம் கண்டென்சர் போட்டு ஓட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்போது மோட்டாரின் திறனில் மூன்றில் இரண்டு பங்கை நம்பினாலே அதிகம். சுமை மாறும்போதெல்லாம் சுருள்களில் ஓடும் மின்னோட்டமும் ஏறுக்குமாறாகும். ஒரே சுமையில் ஓடும் பம்புக்குச் சரி. வெட்டின் ஆழம் நொடிக்கு நொடி மாறும் லேத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்களுக்கு ஏற்றது ஒருமுனை 230 வோல்ட்டை வாங்கி மும்முனை 230 வோல்ட்டாகத் தரும் வி.எஃப்.டி. டிரைவ், அதாவது மின்சாரத்தின் அதிர்வெண்ணை (ஹெர்ட்ஸ்) மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. உங்கள் மோட்டார் ஸ்டாரில் இருப்பது இங்கே ஒரு நல்வாய்ப்பு. ஸ்டார் இணைப்பில் ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது 415ஐ 1.732ஆல் வகுத்த 240 வோல்ட்தான். அதே சுருள்களை டெல்டாவாக மாற்றினால், டிரைவ் தரும் 230 வோல்ட்டில் அவை ஏறக்குறைய முழுத் திறனுடன் வேலை செய்யும். மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டம் 3.4இலிருந்து சுமார் 5.9 ஆம்பியராக உயரும். நம் நாட்டில் 2 எச்.பி. வரையிலான மோட்டார்களை ஸ்டாரிலும் அதற்கு மேற்பட்டவற்றை டெல்டாவிலும் கட்டுவதே பெரும்பாலும் வழக்கம். மூன்று முனைகளே வெளியே வந்திருப்பதால் ஸ்டார் முடிச்சு சுருளுக்குள் புதைந்திருக்கும். நல்ல ரீவைண்டிங் (மோட்டார் சுருள் கட்டும்) கடையில் அதைப் பிரித்து ஆறு முனைகளாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் 500 வோல்ட் மெக்கர் கருவியில் சுருளின் மின்காப்பைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பதில்: கட்டட வயரிங்

முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு. தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரைதான் ஒருமுனை இணைப்பு. அதற்கு மேல் மும்முனை இணைப்புதான். வீட்டு உரிமையாளர் சம்மதித்தால் கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்து மும்முனைக்கு மாறிவிடலாம். வைப்புத்தொகை, வளர்ச்சிக் கட்டணம் போன்ற செலவுகள் உண்டு. ஆனால் வீட்டு உபயோகத்துக்கான யூனிட் விலையும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் சலுகையும் மும்முனை ஆனதால் மாறிவிடுவதில்லை. அந்த வழி திறந்திருக்கும்வரை மோட்டாரைப் பிரிக்க வேண்டாம். மும்முனை வந்துவிட்டால் அது இருந்தபடியே ஓடும். பின்னாளில் மனம் மாறிக் கூலி வேலை எடுத்தால், வீட்டு இணைப்பில் அதைச் செய்வது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் சிக்கும். உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு கட்ட நேரும். குறுந்தொழிலுக்கு என்று தனிக் கட்டண வகை இருக்கிறது, அதில் இணைப்பு வாங்குவதே முறை.

பதில்: பழைய ரீவைண்டர்

மறுக்கவில்லை. ஆனால் வாடகை வீட்டில் செலவு செய்து வாங்கிய மும்முனை இணைப்பு வீட்டோடு நின்றுவிடும், டிரைவ் உங்களோடு வரும். தவிர, லேத்துக்கு வேகக் கட்டுப்பாடு ஒரு பெரிய வசதி. உரிமையாளர் மறுத்தால் தயங்காமல் டிரைவுக்கே போங்கள்.

அப்படிப் போனால் சிலவற்றைக் கவனியுங்கள். 1.5 கிலோவாட் டிரைவ் ஒருமுனையில் ஏறத்தாழ 15 ஆம்பியர் இழுக்கும். ஆகவே மீட்டர் பெட்டியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி இணைப்பும் தனி எம்.சி.பி.யும் (சுமை மிஞ்சினால் துண்டிக்கும் சுவிட்ச்) கொடுங்கள். டிரைவின் வடிகட்டியில் எர்த்துக்குக் கசியும் சிறு மின்னோட்டத்துக்கே சில வீடுகளில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. அதற்காக எர்த்தைக் கழற்றிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே எந்த சுவிட்சும் இருக்கக் கூடாது. லேத்தின் பழைய முன்-பின் சுவிட்சை டிரைவுக்குக் கட்டளை தரும் சுவிட்சாக மட்டும் பயன்படுத்துங்கள். சக்கு (வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் பாகம்) மரையில் முறுக்கி மாட்டும் வகையாக இருந்தால், சட்டென்று நிறுத்தும்போதோ எதிர்த்திசையில் ஓட்டும்போதோ அது கழன்று ஓடிவரக்கூடும் என்பதால், நிற்பதற்கும் சில நொடிகள் கொடுங்கள். மின்விசிறி மோட்டார் தண்டிலேயே இருப்பதால், வேகத்தை மிகக் குறைத்து நெடுநேரம் ஆழமாக வெட்டினால் சுருள் சூடேறும். அந்த வேலைக்குக் கியரைக் குறைப்பதே நல்லது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் டிரைவுக்குள் சில நிமிடங்கள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். உடனே மூடியைத் திறக்காதீர்கள்.

கேள்வியாளர்: பெரம்பூர்க் கடைசல்

மிக்க நன்றி, ஐயா. உரிமையாளரிடம் பேசிப் பார்க்கிறேன். மில்லிங் இயந்திரத்தையும் இதே முறையில் ஓட்ட முடியுமா?

பதில்: பழைய ரீவைண்டர்

அது ஏற்கெனவே டெல்டா என்பதால் மாற்றி இணைக்க இடமில்லை. 230 வோல்ட் டிரைவில் சுமார் 28 ஹெர்ட்ஸ் வரைதான் முழு முறுக்குவிசை கிடைக்கும், அதற்கு மேல் தேய்ந்துகொண்டே போகும். திறன் பாதியை விடச் சற்று அதிகம், அவ்வளவே. 230 வோல்ட்டுக்கு மறுசுற்றல் செய்யலாம், அல்லது உள்ளேயே மின்னழுத்தத்தை உயர்த்தி 415 தரும் டிரைவ் வாங்கலாம். இரண்டாவது விலை கூடுதல். இரண்டிலும் 3 எச்.பி. முழுச் சுமையில் ஓடும்போது வீட்டில் ஏ.சி.யும் ஓடினால் 4 கிலோவாட் தாங்காது. உரிமையாளரின் பதில் தெரியும்வரை மில்லிங் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.