குழுவில் பேச்சைக் குறைத்தால் என்ன?

முட்டத்துக்காரன்:
2017-இல் ஒக்கி புயல் அடித்து மூன்றாம் நாள். சித்தப்பா ஆழ்கடலில். ஊர் வாட்ஸ்அப் குழுவில் நிமிடத்துக்கு நாலு செய்தி வந்து விழுகிறது. அவர் போன படகு லட்சத்தீவில் ஒதுங்கிவிட்டது என்று வந்த ஃபார்வர்டை நான் அரைகுறையாகப் படித்துவிட்டுக் குழுவில் போட்டேன், சித்தி முற்றத்திலேயே முழங்கால் போட்டு ஜெபம் சொன்னார். சாயங்காலம்தான் தெரிந்தது, அது அதே பெயருள்ள வேறு படகு. (மாதா பெயரில் நம் கரையில் எத்தனை படகு!) அப்புறம் மேலே தள்ளிப் பார்த்தால், கொச்சியில் நின்ற ஒருவர் "படகு நம்பர் சொல்லுங்க, விசாரிக்கிறேன்" என்று காலையிலேயே இரண்டு தடவை கேட்டிருக்கிறார். அத்தனை பேர் எழுதினோம், அவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. சித்தப்பா பிறகு வந்து சேர்ந்தார். ஆனாலும் சித்தியின் அன்றைய முகம் எனக்கு மறக்கவில்லை. முதலில் வாசிப்போம், குறைவாக எழுதுவோம்.

தூத்தூர் கரை:
உங்கள் வருத்தம் புரிகிறது அண்ணே, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம், முதல்வர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஆட்களைக் காணவில்லை என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கத்தியிருக்காவிட்டால் தேடுதலை எப்போதோ நிறுத்தியிருப்பார்கள். கடற்கரைக்காரனிடம் போய்ப் பேச்சைக் குறை என்று சொல்லாதீர்கள். இவ்வளவு நாள் குறைத்துத்தானே இருந்தோம்?

முட்டத்துக்காரன்:
தம்பி, அரசாங்கத்திடம் பேசாதே என்றா சொன்னேன்? நமக்குள் பேசுவதைச் சொன்னேன். 2018-இல் வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஒரே தடவையில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி ஆக்கியது. கை கொஞ்சம் நின்றது, சரி. கண் இன்னும் மேலே போய்ப் பார்ப்பதில்லை.

தூத்தூர் கரை:
பதறி நிற்கிற வீட்டில் யார் நிதானமாக மேலே தள்ளிப் படிப்பார்கள்? நம்பரைக் குறித்துச் சரிபார்க்க என்று இரண்டு பேரை முன்பே வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அழட்டும், கோபப்படட்டும், அதையும் தடுத்தால் குழு எதற்கு?

தோவாளை அக்கா:
இரண்டு பேருமே எழுதுகிற ஆட்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். நான் எங்கள் பூ வியாபாரிகள் குழுவில் இரண்டு வருடமாக ஒரு வரி எழுதவில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், பயம். ஒரே ஒரு தடவை பிச்சிப் பூவைப் பற்றி எழுதினேன், முழுதாகப் படிக்காமலே ஐந்து பேர் திருத்த வந்தார்கள், அதில் மூன்று பேர் பூச்சந்தைப் பக்கமே வராதவர்கள். குறைக்க வேண்டியவர்கள் அவர்கள். நான் இன்னும் பேச வேண்டியவள்.

தூத்தூர் கரை:
இது நியாயம் அக்கா. நான் யோசிக்காத பக்கம்.

முட்டத்துக்காரன்:
அக்கா, அன்றைக்கு என்ன எழுதினீர்கள்? இப்போது சொல்லுங்கள், முழுதாகப் படிக்கிறேன்.

தோவாளை அக்கா:
மழையில் நனைந்த பிச்சி எடை கூடி நிற்கும் தம்பி. கிலோ விலை குறைவு என்று பார்த்து வாங்கினால் நஷ்டம்தான், கையில் அள்ளி உதறிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று எழுதினேன். அவ்வளவுதான்.