16 நாளாகப் பதில் இல்லை. புல் ரிக்குவெஸ்டை மூடிவிடட்டுமா?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பிள்ளை

நான் பம்பைமடுவில் கணினி படிக்கிறேன், இரண்டாம் வருடம். கட்டுரைகளில் சொல்லையும் எழுத்தையும் எண்ணித் தரும் ஒரு சின்னத் திறந்த மூல மென்பொருளை (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியது) பாவித்து வந்தேன். அது தமிழைப் பிழையாக எண்ணுகிறது. ‘முல்லைத்தீவு’ என்று கொடுத்தால் 12 என்கிறது. எங்களுக்கு அது 6 எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுனிகோடில் ‘மு’ என்பது ம ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாகக் கிடக்கிறது. குறியையும் புள்ளியையும் அது தனி எழுத்தாக எண்ணிவிடுகிறது.

அதன் பைதன் நிரலில் நான்கு வரி மாற்றினேன், சரியாக வந்தது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில், என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் புல் ரிக்குவெஸ்ட் அனுப்பி இன்றோடு 16 நாள். ஒரு சொல் பதில் இல்லை. என் ஆங்கிலம் பிழையோ, இதெல்லாம் பெரிய ஆட்களின் வேலையோ என்று மனம் கிடந்து அடிக்கிறது. மூடிவிடட்டுமா?

பதில்: மாங்குளம் சந்தி

தங்கச்சி, மூட வேண்டாம். நீங்கள் போட்ட இணைப்பைத் திறந்து பார்த்தேன். நான்கு வரி என்கிறீர்கள், அங்கே 640 வரி மாறியிருக்கிறது. கோப்பைச் சேமிக்கும்போது நீங்கள் நிரல் எழுதும் எடிட்டர் தானாகவே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறது. ஒற்றை மேற்கோள் எல்லாம் இரட்டையாகி, நீள வரிகள் மடிந்து, உங்கள் நான்கு வரி அதற்குள் புதைந்துபோய்விட்டது. அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் பகல் வேலை முடித்து வந்து, சம்பளம் இல்லாமல் இரவில் பார்க்கிற ஒருவர். 640 வரியைக் கண்டதும் பிறகு பார்ப்போம் என்று வைத்திருப்பார்.

எடிட்டரில் அந்த வசதியை நிறுத்துங்கள். கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்பி, நான்கு வரியை மட்டும் மாற்றி, அதே கிளைக்கு (புல் ரிக்குவெஸ்ட் அனுப்பிய உங்கள் பிரதிக்கு) தள்ளுங்கள். புதிதாக ஒன்று திறக்கத் தேவையில்லை. கமிட் பண்ண, அதாவது மாற்றத்தைப் பதிய முன்னர், மாறிய வரிகளைக் காட்டும் ‘கிட் டிஃப்’ கட்டளையை அடித்து, இந்த வரியை நான் வேண்டுமென்றே மாற்றினேனா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஆங்கிலம் மூன்று வசனம் போதும்: என்ன கொடுத்தேன், என்ன வந்தது, என்ன வர வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் ‘மு’வைப் பிரித்துக் காட்டுங்கள். அது அவருக்கு இல்லாத, உங்களுக்கு இருக்கிற அறிவு.

பதில்: ஒட்டுசுட்டான் அக்கா

பெரிய ஆட்களின் வேலை என்று எழுதியதைப் பார்க்கக் கவலையாக இருந்தது. 2004 சுனாமி முல்லைத்தீவை என்ன செய்தது என்று உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அந்த அழிவுக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கையில் தொண்டர்கள் எழுதிய மென்பொருள்தான் சகானா. திறந்த மூலமாக விட்டதால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அதைப் பாவித்தார்கள்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் பக்கத்துச் சின்னக் குளங்களுக்குப் பெயர் போடுகிறேன். செய்மதிப் படத்தில் தண்ணீர் தெரியும், பெயர் தெரியாது. அதைக் குளக்கட்டில் மாடு மேய்க்கிற ஐயாவிடம்தான் கேட்க வேண்டும். ஒரு குளத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்வார்கள். இரண்டையும் பதிய அங்கே இடம் இருக்கிறது.

புதுக்குடியிருப்புப் பிள்ளை

அண்ணா, நீங்கள் சொன்னதுதான் காரணம். நான்கு வரியை மட்டும் தள்ளினேன், அடுத்த நாளே பதில் வந்தது. திருத்தம் விளங்குகிறது, சோதனை ஒன்றும் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். ‘முல்லைத்தீவு’ 6, ‘கிளிநொச்சி’ 5 என்று இரண்டு எழுதி அனுப்பினேன். நேற்று இரவு சேர்த்துக்கொண்டார். இனி யார் அந்த நிரலை மாற்றினாலும் இந்த இரண்டு பெயரும் சரியாக வருகிறதா என்று அந்தச் சோதனை முதலில் ஓடிப் பார்க்கும். அம்மாவுக்கும் காட்டினேன்.

அக்கா, சனிக்கிழமை வீட்டுக்குப் போகிறேன். எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது, வரைபடத்தில் பெயர் இல்லை. எங்கே தொடங்க வேண்டும்?